உரிக்காத தாள்

செப்டம்பர் 29, திங்கள்

இந்த டைரி சாலமன் அண்ணாச்சியின் அச்சகத்தில் போன வருடக் கடைசியில் அடித்தது. அக்டோபர் 14 இரண்டு தடவை வந்துவிட்டது, 15 இல்லை. டைப் அடித்தது நான்தான். ஆர்டர் கொடுத்தவர் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாற்பது டைரி எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பதினான்கு வருடத்தில் என் கையைத் தாண்டி வெளியே போன பெரிய பிழை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் புரூஃபிலேயே பிடித்துவிட்டேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கம்ப்யூட்டர் சாமான்கள் கூரியரில் வந்துவிட்டன. யூடியூபில் மாட்டச் சொல்லிக்கொடுக்கிற ஆள், "முதல் தடவை மாட்டுறவங்க, என்னென்ன செஞ்சீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க" என்கிறார். அதனால் இது டைரி இல்லை, வேலைக் குறிப்பு.

விவரம்: அண்ணாச்சி அச்சகத்தை மூடிவிட்டு மகனோடு மதுரைக்குப் போகிறார். "வீட்டுல சொந்தமா ஒரு சிஸ்டம் வச்சுக்கம்மா. வேலையை நான் அனுப்புறேன், நீ அடிச்சு அனுப்பு" என்றார். முதல் வேலையும் கொடுத்துவிட்டார். பெண்கள் பள்ளிப் பொன்விழா மலர், தொண்ணூற்றாறு பக்கம். பதினெட்டாம் தேதி கொடுக்க வேண்டும்.

சாமான்களை ஆன்லைனில் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது என் மகன் கவியரசு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ஆயுத பூஜைக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றவன், இன்றைக்குப் போன் பண்ணி, அப்போது லீவு இல்லை என்கிறான். "தீபாவளிக்குத்தாம்மா வருவேன். அதுக்குள்ள நீ எதையும் தொடாத. இல்லன்னா இதெல்லாம் எதுக்கு? எல்லாத்தையும் மூட்டை கட்டிருவோம், நீயும் எங்கூட வந்துரு. தனியா அந்த வீட்டுல எதுக்குக் கெடக்குற?"

எனக்கு இந்த வீடு போதும், இந்த வேலை போதும். தீபாவளிக்கு அவன் வரும்போது இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாவிட்டால் என்னிடம் சொல்ல ஒரு காரணமும் இருக்காது.

கவியின் அப்பா போய்ச் சேர்ந்து இன்றோடு எண்பது நாள். ஒன்றும் தோன்றவில்லை. குறிப்பு என்பதால் அதையும் எழுதுகிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இந்த வருடம் நமக்கு இல்லை. பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினேன். மோர்க் குழம்பு.

அக்டோபர் 4, சனி

மாட்டினேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மாலை நாலாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தேன்.

முதலில் ப்ராசசர். அது சதுரமாகப் பிஸ்கட் அளவுதான் இருக்கிறது. மூலையில் ஒரு முக்கோணக் குறி, அதை மதர்போர்டு என்கிற பலகையில் இருக்கிற முக்கோணத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். பிறகு நெம்புகோலைக் கீழே அழுத்தினால் ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், எதையோ உடைத்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த ஆளும் "பயப்படாதீங்க, அப்படித்தான் கேக்கும்" என்றார். அதன் மேல் சூடு கடத்துகிற பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. அதன் மேல் கூலர் என்கிற ஃபேன் வைத்த இரும்புக்கட்டி. கூலருக்கு அடியில் கண்ணாடித் தாள் ஒட்டிப் பளபளவென்று இருந்தது. புதுச் சாமான், அப்படியே வைத்துத் திருகினேன். பிறகு ராம் இரண்டு. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கேபினெட் என்கிற பெட்டிக்குள் வைத்து ஒன்பது திருகாணி.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், மேஜையில் ஒரு தகரப் பட்டை மிச்சம் கிடக்கிறது. பின்பக்கம் ஒயர் சொருகுகிற ஓட்டைகளைச் சுற்றி வருகிற பட்டை. அதை முதலில் பெட்டியில் பொருத்திவிட்டுத்தான் பலகையை வைக்க வேண்டுமாம். அதாவது ஒன்பது திருகாணியையும் கழற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா இட்லி மாவு கொடுக்க வந்தாள். பார்த்துவிட்டு, "என்னடி இது, ஆம்பள இல்லாத வீட்டுல பட்டறை போட்டுருக்க?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

கழற்றினேன். பட்டையைப் பொருத்தினேன். மாட்டினேன். பட்டை ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்தேன்.

பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். நாக்கு இல்லாத சாமி அறை மணியை ஆட்டியது மாதிரி இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

கவி தினமும் மதியம் ஒன்று பத்துக்குப் போன் பண்ணுகிறான். சாப்பாட்டு நேரமாம். அவன் கேட்கிற கேள்விகளை எழுதி வைக்கிறேன்: என்ன குழம்பு? கத்திரிக்காயா, முருங்கைக்காயா? புளி ஊற்றினாயா? ரசம் உண்டா? யாரோடு சாப்பிட்டாய்? முன் அறை ஃபேன் இன்னும் கடகடவென்று சத்தம் போடுகிறதா? வாசலில் பூனை வருகிறதா?

வேவு பார்க்கிறான். நான் ஒழுங்காகச் சமைக்கிறேனா, சாப்பிடுகிறேனா, புத்தி சரியாக இருக்கிறதா என்று. ஒரு நாள் "இன்னைக்கு ஒண்ணும் வைக்கல" என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால் வைக்காத நாளிலும் வைத்ததாகச் சொல்கிறேன். இன்றைக்கு வைத்ததாகச் சொன்னது பீர்க்கங்காய்க் கூட்டு.

"கூட்டுல தேங்கா அரச்சியா, கிள்ளிப் போட்டியா?" என்றான். அரைத்தேன் என்றேன். "வீட்டு வாசம் வருதும்மா" என்றான். பொய்க் கூட்டுக்கு என்ன வாசம் வரும்?

மாட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று நானே சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "செய்யிம்மா, நான் லைன்ல இருக்கேன்" என்றான். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். நாற்பது நிமிடம். அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடமா அங்கே?

அக்டோபர் 7, செவ்வாய்

பிழை கிடைத்தது. பெட்டியின் பட்டனிலிருந்து வருகிற பொடி ஒயர், பலகையின் மூலையில் ஊசி ஊசியாக இருக்கிற இடத்தில் சொருக வேண்டும். ஒரு வரிசை தள்ளிச் சொருகியிருந்தேன். எழுத்து அவ்வளவு பொடி. ஆறு பாயின்ட் கூட இருக்காது. அச்சில் இப்படிப் பொடியாக அடித்தால் அண்ணாச்சி கிழித்துப் போடுவார்.

மாற்றியதும் ஃபேன் சுற்றியது. மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் சுற்றியது. பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கியிருக்கலாமே" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

ரேஷன் கடை. அவர் பெயரை அட்டையிலிருந்து எடுக்க வேண்டுமாம், சான்றிதழ் நகல் கேட்டார்கள். எடுத்துக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மலரின் கையெழுத்துப் பிரதிகளை வாசித்து, பென்சிலால் திருத்தினேன். பழைய மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார், "பள்ளி எனக்குத் தாய்வீடு, தாய்வீடு எனக்குப் பள்ளி" என்று. இரண்டில் ஒன்றை வெட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

ப்ராசசருக்குத் தனியாகக் கரண்ட் போகவேண்டுமாம்! பலகைக்கு ஒரு தடித்த ஒயர் போகிறது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். இடது மேல் மூலையில் இன்னொரு பொந்து. அதற்கான ஒயர், எஸ்எம்பிஎஸ் என்கிற கரண்ட் பெட்டியின் ஒயர்க் கட்டுக்குள் சுருண்டு கிடந்தது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், ஆனால் யோசிக்கிற பாகத்துக்கு ஒன்றும் போயிருக்காது. தொண்ணூறு நாளாக நானும் அப்படித்தான் நடமாடுகிறேன் என்று பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அழுதுருடி இந்திராணி. உள்ளயே வச்சிருக்காத."

"நான் என்னக்கா வச்சுக்கிட்டா இல்லைங்குறேன்?" என்றேன்.

ஒயரைச் சொருகினேன். மானிட்டர் இன்னும் கறுப்புதான்.

அக்டோபர் 10, வெள்ளி

கவி வீடியோ காலில் வந்தான். மொட்டை. ஜூலையில் எடுத்த மொட்டை இதற்குள் வளர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். "மறுபடி எடுத்துட்டேம்மா, கம்பெனியில ஹெல்மெட் போடுறதால வேர்க்குது" என்றான். கண் வீங்கியிருந்தது. நைட் ஷிப்டாம். நைட் ஷிப்ட் என்றால் மதியம் சாப்பாட்டு நேரம் எப்படி வரும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ராமைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். ரெண்டு பக்கமும் 'டக்'குனு கேக்குற வரைக்கும் அழுத்தும்மா என்றான்.

நான் அழுத்தவே இல்லை. உடைந்துவிடும் என்று மெதுவாக வைத்துவிட்டிருக்கிறேன், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி.

அக்டோபர் 11, சனி

அழுத்தினேன். டக். டக். நாலு தடவை.

மானிட்டரில் எழுத்து வந்தது. ஆங்கிலத்தில் ஏதேதோ வரிகள், கம்பெனி பெயர், ராம் எவ்வளவு என்று கணக்கு. நான் நின்றுகொண்டே எல்லா வரியையும் வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை.

கவிக்குப் போட்டோ அனுப்பினேன். ஒரு கைதட்டல் படம் அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. அதை அவனுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

போட்டால் நாலு நிமிடம் ஓடுகிறது, அணைகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நாலு நிமிடம் பத்து விநாடி. ஆறவிட்டுப் போட்டால் நாலரை. உடனே போட்டால் ஒரு நிமிடம் கூட இல்லை. பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தேன், கூலரைச் சுற்றி அடுப்பங்கரை மேடை மாதிரிக் கொதிக்கிறது.

மலரில் ஒரு பக்கம் கூட அடிக்கவில்லை. ஆறு நாள்தான் இருக்கிறது.

அண்ணாச்சி போனில், "முடியலன்னா சொல்லிரும்மா. மதுரையில ஒரு பையன் இருக்கான், அவங்கிட்டக் குடுத்துருதேன். ஒன்னும் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். முடியும் அண்ணாச்சி என்றேன். அவர் குரல் இரக்கமாக இருந்தது. இரக்கப்படுகிற குரலில் யார் பேசினாலும் எனக்குப் பல் கூசுகிறது.

அக்டோபர் 13, திங்கள்

கழற்றினேன். கூலரைத் தூக்கிப் பார்த்தால், கண்ணாடித் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தாளின் மேல் பேஸ்ட், தாளுக்கு அந்தப் பக்கம் செம்பு. இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் இருந்தால் சூடு எப்படி இறங்கும்? வீடியோவை மறுபடி பார்த்தேன். அந்த ஆள் தெளிவாகவே சொல்கிறார்: "அடியில இருக்கிற தாளை உரிச்சிருங்க." அந்த இடத்தை நான் அன்றைக்கும் பார்த்திருக்கிறேன். காதில் விழுந்திருக்கிறது. கை உரிக்கவில்லை.

ஏனென்றால் இந்த வீட்டில் யாரும் எதையும் உரிப்பதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த நீலத் தாள் ஒன்பது வருடமாக அப்படியே இருக்கிறது, ஓரம் சுருண்டு அழுக்கேறி. டிவி ரிமோட் பாலித்தீன் பைக்குள். நாற்காலி நாலுக்கும் பிளாஸ்டிக், வெயில் காலத்தில் தொடை ஒட்டிக்கொள்ளும். அவருடைய பைக் சீட்டில் இருந்த தாள் நார்நாராகக் கிழிந்து தொங்கியது, அதைக் கூட எடுக்க விட மாட்டார். "உரிச்சா பழசாயிரும். இருக்கட்டும், பெறகு எடுத்துக்கலாம்." மின்சார வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் 'பெறகு'. கொடைக்கானல் பிறகு. மொட்டை மாடியில் ரூம் பிறகு. நெஞ்சு கரிக்குதுங்குறீங்களே, டாக்டரைப் பாருங்க என்று நான் சொன்னதற்கும் அதுதான் பதில்.

எனக்குக் கோபம் வந்தது. போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வந்தது. நன்றாகவே வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் எல்லாவற்றையும் புதிதாகவே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தாளை உரித்தேன். அவருடைய மருந்து டப்பாவில் இருந்த ஸ்பிரிட்டால் பழைய பேஸ்டைத் துடைத்தேன். குழாயில் மிச்சம் இருந்த பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்தேன். திருகினேன். போட்டேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு கூட இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் போட்டு, தமிழ் எழுத்துருக்கள் ஏற்றி, தட்டச்சைப் பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாற்றினேன். 22 பக்கம் முடிந்தது. சாப்பிடவில்லை. கவியிடம் வத்தக்குழம்பு என்றேன். "அப்பளம் பொரிச்சியா?" என்றான். பொரித்தேன் என்றேன்.

அக்டோபர் 14, புதன் (15 என்று இருக்க வேண்டியது)

இந்தப் பக்கமே பிழை என்பதால் இதில் எதையும் எழுதலாம் என்று தோன்றுகிறது.

ஜூலை 11 காலையில் பஸ் ஸ்டாண்டில் விழுந்தார். பதினோரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவானது. கொழுந்தன் போஸ்டர் அடிக்க அச்சகத்துக்குப் போனவர் திரும்பி வந்து வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அச்சகத்தில் டைப் அடிக்கிற ஆள் நான் ஒருத்திதானே.

நான் எழுந்து போனேன். அவர் தலைமாட்டிலிருந்து எழுந்து, மூன்று தெரு தாண்டி, செருப்பில்லாமல். பாக்கியம் அக்கா கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டேன். மிஷினைப் போட்டேன். 'கண்ணீர் அஞ்சலி' என்கிற தலைப்பு ஏற்கெனவே அதில் இருக்கிறது, ஆள் மட்டும்தான் மாறும். படத்தைப் பொருத்தினேன். கறுப்பசாமி என்று அடித்தேன். இருபத்தாறு வருடத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "கவி அப்பா" என்பேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் கூட எழுதித்தான் காட்டுவேன். அன்றைக்கு உள்ளங்கை அகலத்துக்கு எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் வைத்து, போதாது என்று இன்னும் பெரிதாக்கினேன்.

கீழே 'துயரில் வாடும்' என்ற வரி. மனைவி: க. இந்திராணி. மகன்: க. கவியரசு. வாடும் என்று அடித்தேன், வாடினேனா என்று தெரியவில்லை. இரண்டு தடவை புரூஃப் பார்த்தேன். பிழை இல்லை. அண்ணாச்சி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார், நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

61 பக்கம். ரேஷன் கடைக்குப் போய் நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கவி போன் பண்ணவில்லை. ஒன்றரைக்கு நானே பண்ணினேன். எடுத்தான், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "சிக்னல் இல்லம்மா" என்றான் கடைசியில். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எப்படி என்னைக் கூட்டிக்கொண்டு போவது என்று யோசிக்கிறான் போல. நானும் யோசித்து வைத்திருக்கிறேன். பத்து பதில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

96 பக்கமும் முடிந்தது. மதியம் அனுப்பினேன். மாலை அண்ணாச்சி கூப்பிட்டார். "ஒரு ஒத்தெழுத்து கூட விடலயேம்மா" என்றார். அடுத்த வேலை ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு கோவில் மலரும். சரி என்றேன். சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

கவி காலையில் வந்தான். ஒரே ஒரு பை. சட்டை தோளில் தொங்கியது.

நேராகக் கம்ப்யூட்டரிடம் போனான். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே எல்லாம் பார்த்தான். மலரின் பக்கங்களைத் திறந்து வாசித்தான்.

"நீயேவாம்மா மாட்டுன?"

"வேற யாரு?"

"அப்ப நீ வரமாட்ட."

"வரலப்பா. வேலை வந்துருச்சு. அண்ணாச்சி அடுத்ததும் குடுத்துட்டாரு."

"சரிம்மா" என்றான்.

அவ்வளவுதான். பத்து பதிலும் என்னிடமே தங்கிவிட்டன. இட்லி வைத்தேன். பதினோரு இட்லி சாப்பிட்டான். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லீவு எத்தனை நாள் என்று கேட்டேன். தட்டில் மிச்சம் இருந்த சட்னியை வழித்தான். மறுபடி கேட்டேன்.

"வேலைக்குப் போயே பதினாறு நாளாச்சும்மா."

எனக்குப் புரியவில்லை.

"ரூம்ல எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருவாங்க. நான் எந்திரிக்கவே மாட்டேன். மத்தியானம் ஒனக்குப் போன் போடத்தான் எந்திரிப்பேன். நீ குழம்பு சொன்னா அதக் கேட்டுக்கிட்டே பன்னத் திம்பேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ நல்லா இருந்தம்மா. இந்த ஸ்க்ரூ எங்க, அந்த ஒயரு எங்கன்னு கேட்டுட்டு இருந்த. அதப் போயி எப்படிக் கெடுக்க? நீ எங்கூட வந்துட்டா நானும் சரியாயிருவேன்னு நெனச்சேன். அதான் வா வான்னு..."

கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கு எல்லாரும் ஒன்னயத்தான் பாத்தாங்கம்மா, அழுகுறியா இல்லையான்னு. நானும் ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். எங்கையில நெருப்பக் குடுத்துட்டாங்க."

நான் யோசித்துப் பார்க்கிறேன், எழுதும்போதும் யோசிக்கிறேன். ஜூலை 11 அன்று இவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஈர வேட்டி ஞாபகம் இருக்கிறது. மொட்டைத் தலை ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. பெயரை மட்டும் அடித்தேன், மகன்: க. கவியரசு என்று. இரண்டு தடவை புரூஃப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

அவன் அழுதான். இருபத்து நாலு வயதுப் பிள்ளை, மூக்கு ஒழுக அழுதான். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கவி பகல் பூராவும் தூங்கினான். நான் வெடிச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, உண்மையாகவே வைத்தேன். இத்தனை நாளும் சொன்னதில் பாதி பொய் என்று சொன்னேன். "தெரியும்மா. தாளிக்கிற சத்தமே கேக்காதே" என்றான்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் ஓசூரிலிருந்து வேலை அனுப்பலாமா என்று கேட்டேன். "எங்கிருந்து அனுப்புனா என்னம்மா, பிழையில்லாம வந்தாச் சரி."

கவி சண்டைக்கு வந்தான். "வேண்டாம்மா. எனக்காக வராத. ஒனக்கு இங்கதான பிடிச்சிருக்கு?"

"நீ கூப்புட்டு வரலடா. நானாத்தான் வாரேன். கம்பெனியில பேசி வேலையப் பிடி. இல்லன்னா வேற பாப்போம். மேஜை போட எடம் இருக்குற மாதிரி ஒரு வீடு பாரு. அங்க டாக்டர் ஒருத்தரயும் பாரு, ரெண்டு பேரும் போகணும்."

"எப்ப?"

"போன உடனே. பெறகு இல்ல."

மதியம் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். கூலரை எடுக்காமல் பஸ்ஸில் கொண்டுபோனால் குலுங்கிப் பலகை விரிசல் விடும் என்று அந்த ஆள் ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். புதுப் பேஸ்ட் குழாய் ஒன்று வாங்கிவந்தோம். கவி திருகாணிகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து, எது எதற்கு என்று எழுதினான். 'திருகானி' என்று எழுதியிருந்தான். திருத்தவில்லை.

"அங்க போயி மறுபடி மாட்டத் தெரியுமாம்மா?"

ஒரு மணி நேரம் போதும் என்றேன்.

அக்டோபர் 22, புதன், பஸ்ஸில்

வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. தை பிறந்ததும் வருவேன் என்று பாக்கியம் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. வருவேன்.

பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காலடியில் வைத்திருக்கிறேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார், மேலே தூக்கி வைக்கவும் சொன்னார். லக்கேஜ் போடுங்கள், மேலே வைக்க மாட்டேன் என்றேன். திண்டுக்கல் தாண்டியதும் கவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். கன்னத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறது, எப்போது வந்தது என்று தெரியவில்லை, எழுந்ததும் கேட்க வேண்டும். தலை நல்ல கனம். ஒரு மணி நேரமாகத் தோள் வலிக்கிறது. நகரவில்லை.